யானை பிடித்த பந்து

"ஐயோ…!"

அந்த அலறல் மைக்கில் கேட்டது.

மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையும் அந்த அலறலை வாங்கி, பத்து மடங்காக்கி, ரசிகர்கள் தலையில் கொட்டின.

அலறியது கால்பந்து கிளப்பின் பிசியோ. ஆட்டக்காரர்களின் தசைப்பிடிப்பை நீவி விடுகிற பெண். வீரர்கள் வெளியே வருகிற சுரங்கப்பாதை வாசலில் நின்றுகொண்டு, "அடுத்தது குலுக்கல்!" என்று அறிவிப்பாளர் கூவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஓடி வந்தவள் நேராக அவர் மேலேயே மோதி விழுந்தாள்.

"கோச்… நம்ம கோச்… ஐஸ் தொட்டியில செத்துக் கிடக்கார்! தலையெல்லாம் ரத்தம்!"

இதுவும் மைக்கில்தான்.

அவ்வளவுதான்! ஒரு நொடி முன்னால்வரை திருவிழாக் கூட்டம் மாதிரி இருந்த இடம்…

கிடுகிடுத்துப் போயிற்று!

அன்று ரசிகர் தினம். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தப் புல்தரையை ரசிகர்கள் மிதிக்கலாம். ஒரு பக்கம் நீள மேஜை போட்டு ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் கோப்பையோடு போட்டோ. எள் போட்டால் எள் விழாத கூட்டம். குதிகால் செருப்போடு வந்தவர்களைப் பார்த்து, புல்லைப் பராமரிக்கிறவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

நடுவட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும், மற்றவர்கள் ஓடுகிற திசைக்கு எதிர்த்திசையில் ஓட எழப்போனாள்.

இன்ஸ்பெக்டரம்மா.

குற்றப்பிரிவு. லீவில் வந்தவள். எத்தனையோ தடவை கேட்டு, கெஞ்சி, சண்டை போட்டு வாங்கிய லீவு!

மடியில் அவள் பெண் சிட்டு. கிளப்பின் நீலமும் வெள்ளையும் பூசிய கன்னம். அந்தச் சாயத்தின் மேல் கண்ணீர் கோடு போட்டிருந்தது. அவள் அழுதது அந்த அலறலுக்காக அல்ல. அவளுக்கு வேறு துக்கம்.

"சித்தப்பா மோசம்மா! எல்லாருக்கும் கோல் விட்டார். என் பந்தை மட்டும் பிடிச்சிட்டார்!"

சித்தப்பா என்றால் யானை!

கிளப்பின் சின்னம் ஒரு நீல யானை. மெத்தை மாதிரி உடம்பு, தொங்குகிற தும்பிக்கை. அந்த உடுப்புக்குள் இருந்து ஆடுகிறவன் இன்ஸ்பெக்டரம்மாவின் கொழுந்தன். ரசிகர் தினத்தில் வரும் குழந்தைகள் எல்லோரும் யானைக்கு எதிராக ஒரு பந்து உதைக்கலாம். யானை தப்பான பக்கம் விழ வேண்டும். பந்து உள்ளே போக வேண்டும். யானை தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அதுதான் வழக்கம். அதுதான் அந்தக் குழந்தைகளுக்கு ஆயுசுக்கும் கதை.

சிட்டு உதைத்த பந்தை மட்டும் யானை பிடித்துவிட்டது!

"அழாதடி. சித்தப்பா விளையாட்டுக்குப் பண்ணியிருப்பார். அப்பா எங்கடி?"

"டாய்லெட்டுக்குப் போறேன்னு போனவர்தான்."

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் கணவன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஊரே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். இடது காலை லேசாக இழுத்து இழுத்து வந்தான். சட்டை முழுக்க நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"என்னங்க, கிணத்துல விழுந்து எழுந்த மாதிரி வர்றீங்க?"

"வெ… வெயில்."

"இவளைப் பிடிங்க. நான் உள்ள போய்ப் பார்க்கறேன்!"

அவள் ஓடினாள். அவன் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அந்த முகத்தில் வெயில் பட்ட அடையாளமே இல்லை என்று அப்போதே கண்டுபிடித்திருப்பாள்!

*

பிசியோ அறை.

நாலு பேர் உட்காரக்கூடிய ஐஸ் தொட்டி. பயிற்சி முடிந்ததும் அதில் கழுத்துவரை மூழ்கிக் கிடப்பது கோச்சின் பழக்கம். ஆட்டக்காரனாக இருந்த காலத்துப் பழக்கம்.

இன்றும் மூழ்கிக் கிடந்தார்.

தலையும் சேர்த்து!

ஐஸ் கட்டிகள் சிவப்பாக மிதந்தன. தொட்டிக்குள் ஒரு இரும்பு டம்பெல்.

"ஒருத்தரும் உள்ள வராதீங்க. வெளி கேட்டைப் பூட்டுங்க!" இன்ஸ்பெக்டரம்மா போனை எடுத்தாள். "சார்… லீவுலதான் இருக்கேன். ஆனா இங்க ஒரு கொலை நடந்திருக்கு."

சீஃப் வந்தார். அவளுடைய மேலதிகாரி. பருத்த உடம்பு, மெலிந்த குரல், எதற்கும் அசராத ஆள்.

"மேடம், உங்களுக்கு லீவு கொடுத்தாலும் பிணம் உங்களுக்கு லீவு கொடுக்காதுபோல. கேமரா இருக்கா இங்க?"

கிளப்பின் காவலாளி சொன்னான்.

"சுரங்கப்பாதை வாசல்ல மட்டும் இருக்கு சார். உள்ள பசங்க உடை மாத்தற இடம், அதனால வைக்கறதில்லை. அந்தப் பக்கக் கதவு இன்னைக்குப் பூட்டியிருக்கு. வர்றதும் போறதும் இந்த ஒரே வழிதான்."

"ஓட்டு."

திரையில் படம் ஓடியது.

தோளில் துண்டோடு கோச் உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஆள். இடது காலை இழுத்து, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்தான்.

இன்ஸ்பெக்டரம்மா திரைக்கு ஓர் அடி நெருங்கிப் போனாள்.

அடுத்து, யானை தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு வெளியே போனது. பிறகு நீண்ட நேரம் யாருமில்லை. யானை திரும்பி உள்ளே வந்தது. கால் இழுக்கிற ஆள் வெளியே போனான். பிசியோ உள்ளே போனாள்.

பிசியோ அலறிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"யானை குழந்தைகளோட இருந்த நேரத்துலதான் உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றார். அந்த நேரம் முழுக்க உள்ள இருந்தது ரெண்டே பேர்." சீஃப் மெல்லச் சொன்னார். "ஒருத்தர் கோச். இன்னொருத்தர்… மேடம், அது உங்க வீட்டுக்காரர்தானே?"

அவள் தலையை ஆட்டினாள்.

"கோச்சுக்கும் அவருக்கும் ஏதாவது…?"

சொல்லாமல் இருக்க முடியுமா? ஊருக்கே தெரிந்த கதை! மாஸ்டர் ஒரு காலத்தில் கோல்கீப்பர். காற்றைக்கூடக் கையில் பிடிப்பான் என்பார்கள். இந்த கிளப்புக்கு ஆள் எடுக்கிற தேர்வு ஆட்டத்தில், பந்தோடு பாய்ந்து வந்த ஒரு முன்கள ஆட்டக்காரன் அவன் இடது முட்டியில் மோதினான். முட்டி போயிற்று. அதோடு ஆட்டமும் போயிற்று.

மோதியவன்தான் இப்போது ஐஸ் தொட்டியில் கிடக்கிற கோச்!

"தெரியாம நடந்ததுன்னுதான் சார் எல்லாரும் சொன்னாங்க. இவரும் அதை விட்டுட்டார். இன்னைக்கு பாஸ் அனுப்பினதே கோச்தான். குடும்பத்தோட வாங்க, உங்ககிட்ட நேர்ல ஒரு விஷயம் சொல்லணும்னு போன்ல சொன்னாராம்."

"சொல்லியிருப்பார். கேட்டவருக்குப் பிடிக்கலபோல!"

*

வீரர்களுக்கு ஆட்டத்தைப் போட்டுக் காட்டுகிற வீடியோ அறையில் மாஸ்டரைக் கையில் விலங்கோடு உட்கார வைத்தார்கள்.

"உள்ள எதுக்குப் போனீங்க?"

பேச்சில்லை.

"கோச்சைப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"அவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

பேச்சில்லை.

"மாஸ்டர், வாயைத் திறந்தாத்தான் உங்களுக்கு நல்லது!"

"நான் அடிக்கல சார். அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான். இன்ஸ்பெக்டரம்மா எத்தனை குற்றவாளிகளைப் பார்த்திருக்கிறாள்! பொய் சொல்கிறவன் நிறையப் பேசுவான். இவன் பேசவே மாட்டேன் என்கிறான். எதையோ பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குகிறான்.

"மேடம்," சீஃப் அவளை வெளியே அழைத்து வந்தார். "நீங்க இதுலேருந்து ஒதுங்கிடுங்க. இது உத்தரவு. பொழுது சாயறதுக்குள்ள அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறேன். நீங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"சார், அவர் ஒரு எறும்பை…"

"இதே வசனத்தை எத்தனை பொண்டாட்டிங்க உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க?"

அவள் திரும்பி ரசிகர் வரிசையை நோக்கி நடந்தாள்.

காலியான நாற்காலிகளுக்கு நடுவே சிட்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் கான்ஸ்டபிள் துணைக்கு நின்றாள்.

"அம்மா… அப்பா யாரையாவது அடிச்சிட்டாராம்மா? அங்க ஒரு ஆன்ட்டி சொன்னாங்க."

அவள் குனிந்து சிட்டுவின் கன்னத்தைத் துடைத்தாள். இவளுக்கு என்ன பதில் சொல்ல? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இவளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

"இல்லடா கண்ணு. அப்பா வந்துடுவார்."

"அண்ணி!"

கொழுந்தன் ஓடி வந்தான். கழுத்துவரை யானை. கக்கத்தில் யானைத் தலை. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"அண்ணி, அண்ணனைப் பிடிச்சு வச்சிருக்காங்களாமே! அவர் அப்படிச் செய்யற ஆளா? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் பாட்டுக்கு வெளியில பசங்களோட ஆடிக்கிட்டு இருந்தேன். உள்ள இருந்திருந்தா தடுத்திருப்பேனே!"

குலுங்கிக் குலுங்கி அழுதான். தும்பிக்கையும் சேர்ந்து குலுங்கியது.

"நான் உங்ககூட காய் சித்தப்பா!" சிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் பந்தை ஏன் பிடிச்சீங்க?"

அவன் அழுகை நின்றது.

"பந்தா? உன் பந்தை… நானா?"

ஒரே ஒரு கணம். கண்கள் இப்படியும் அப்படியும் அலைந்தன.

"ஆங்… ஆமா! சும்மா, தமாஷுக்கு. அடுத்த வருஷம் விடறேன், சரியா?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனான்.

இன்ஸ்பெக்டரம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கொழுந்தன் தன் மகள் மாதிரி தூக்கி வளர்த்த பெண். அவள் பந்தை மட்டும் பிடித்து அழ வைத்திருக்கிறான். அது எப்படி மறக்கும்?

போனை எடுத்தாள். சிட்டு பந்து உதைத்ததை அவளே படம் பிடித்திருந்தாள்.

சிட்டு ஓடி வந்தாள். உதைத்தாள். பந்து வலது மூலைக்குப் பறந்தது.

யானை பாய்ந்தது!

இரண்டு கைகளும் பந்துக்குப் பின்னால் போய், அதை நெஞ்சோடு அணைத்து, தோளில் விழுந்து உருண்டது. சுத்தமான பிடி. பாடம் நடத்துகிற பிடி.

அவள் படத்தை நிறுத்தினாள்.

கொழுந்தனும் ஒரு காலத்தில் கோல்கீப்பர்தான். ஆனால் அவனுக்கு அந்த நாளிலேயே ஒரு பட்டப்பெயர் உண்டு. வெண்ணெய்க் கை! மெதுவாக உருண்டு வருகிற பந்துகூட அவன் கையில் நிற்காது. அண்ணனுக்கு முட்டி போனதும், அவனுக்குக் கிடைக்க இருந்த இடத்துக்கு, அவன் மேல் பரிதாபப்பட்டு இவனைத்தான் கிளப் எடுத்தது. மூன்றே ஆட்டம். கோலாக வாங்கித் தள்ளினான். ஆட்டக்காரனாக வைத்துக்கொள்ள முடியாமல், துரத்தவும் மனசு வராமல், யானைக்குள் போட்டுவிட்டார்கள்.

அவள் மறுபடி படத்தை ஓட்டினாள்.

பந்தோடு விழுந்த யானை எழுந்தது. வலது கையைத் தரையில் ஊன்றி, இடது காலை மடக்காமல், நீட்டியபடியே வைத்துக்கொண்டு எழுந்தது.

தினமும் காலையில் கட்டிலிலிருந்து அவள் கணவன் எழுகிற அதே மாதிரி!

*

"பத்து நிமிஷம் சார். பேசிட்டு வந்துடறேன்."

"பொண்டாட்டியா போங்க. இன்ஸ்பெக்டரா போகாதீங்க."

வீடியோ அறையின் கதவைச் சாத்தினாள்.

"யானைக்குள்ள இருந்தது நீங்க."

மாஸ்டர் நிமிர்ந்தான். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது அவளுக்கு.

"ஏங்க பிடிச்சீங்க? உங்க பொண்ணோட பந்துங்க!"

"வேணும்னு பிடிக்கல." குரல் உடைந்தது. "தப்பான பக்கம் விழணும்னுதான் நினைச்சேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் விழுந்தேன். இவ மூலையில வச்சு உதைச்சா பாரு… என்ன உதை! கை தானா போயிடுச்சு. அவ அழறது யானைக்குள்ள கேக்குது. கழட்டிட்டு ஓடி வந்து தூக்கணும்னு இருந்துச்சு."

"யார் உங்களை உள்ள போட்டது?"

"தம்பி. யாருக்கும் தெரியாம உள்ள வான்னு போன் பண்ணான். தலை சுத்துது அண்ணே, கொஞ்ச நேரம் போட்டுக்கோ, சிட்டுவுக்கு நீயே கோல் விட்ட மாதிரி இருக்கும்னான். நானும் ஆசையா போட்டேன்."

"திரும்பி வந்தப்ப?"

அவன் இடது முட்டியைத் தடவினான்.

"ஈரத் தலையோட உக்காந்திருந்தான். கால்ல விழுந்தான். கோச் உன் முட்டியை வேணும்னேதான் உடைச்சானாம் அண்ணே, என்கிட்டயே சொல்லிச் சிரிச்சான், தாங்க முடியாம அடிச்சிட்டேன்னான்."

"அதுக்கு நீங்க போய் உக்காந்துக்கிட்டீங்க."

"எனக்காக அடிச்சவன்மா! அப்பாவும் அம்மாவும் போனப்புறம் தோள்ல போட்டு வளர்த்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க?"

"அப்ப சிட்டு யாரோட சதைங்க?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்கு நடுவே தண்ணீர் வழிந்தது.

"அவளுக்கு நீ இருக்கே. அவனுக்கு யாரும் இல்லை. கையெடுத்துக் கும்பிடறேன், இதை வெளியில சொல்லாதே. சொன்னே… ஆயுசுக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

சொல்லாவிட்டால் புருஷன் இல்லை. சொன்னாலும் புருஷன் இல்லை! இப்படியும் ஒரு பொறி உண்டா?

கதவுவரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. உடைச்சதைச் சொல்லிச் சிரிக்கிறவன், அந்தக் கால் உடைஞ்ச ஆளைக் குடும்பத்தோட வாங்கன்னு எதுக்குங்க கூப்பிடப்போறான்? மன்னிப்புக் கேக்கறவன்தான் அப்படிக் கூப்பிடுவான்."

மாஸ்டர் முகத்திலிருந்து கைகளை எடுத்தான்.

வெளியே அவள் போனில் காட்டிய படத்தை சீஃப் ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்தார்.

"மேடம், யானைக்கும் அடி சறுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். யானை கேட்ச் பிடிச்சா புருஷன் விடுதலைன்னு கேள்விப்பட்டதில்லை. கோர்ட்ல சிரிப்பாங்க."

"தெரியும் சார். எனக்கு ஒரு பந்து வேணும்."

"எதுக்கு?"

"கூடவே அந்த யானையோட கையுறையும்."

*

வீடியோ அறைக்கு அடுத்தது பத்திரிகையாளர் அறை. நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

சீஃபும் இன்ஸ்பெக்டரம்மாவும் அங்கே காத்திருக்க, கொழுந்தன் வந்தான். இப்போது யானை இல்லை. வியர்வை பனியனோடு வெறும் மனிதன்.

"அண்ணி, ஏதாவது வழி பிறந்துச்சா?"

"நீதான் சொல்லணும் தம்பி. அண்ணன் உள்ள இருந்த நேரம் நீ வெளியில இருந்தே. சரிதானே?"

"ஆமா அண்ணி. ஊரே பார்த்துச்சே!"

"சிட்டு உதைச்ச பந்தைப் பிடிச்சது?"

"நான்தான்."

அவள் போனைக் காட்டினாள். அவன் பார்த்தான். ஒரு கணம்… அவன் கண்களில் ஒரு பொறாமை எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது.

"என்ன பாய்ச்சல் தம்பி! இந்தக் கைக்குப் போயா வெண்ணெய்க் கைன்னு பேர் வச்சாங்க?"

"அது… அப்ப வயசு பத்தாது அண்ணி. இப்ப பழகிடுச்சு."

"சார் நம்ப மாட்டேங்கறார். ஒரு தடவை பிடிச்சுக் காட்டிடு. வெளியில இருந்தது நீதான்னு எழுதிக்கிட்டுப் போயிடுவார்."

அவள் பந்தை எறிந்தாள். பலமாக அல்ல. மார்புக்கு நேராக, குழந்தைக்கு எறிகிற மாதிரி.

கைகள் நீண்டன. பந்து கைகளில் பட்டது.

நழுவியது!

டப்… டப்… டப்… என்று குதித்துக்கொண்டே போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"வேர்வை அண்ணி. கை ஈரம்." சிரிக்கப் பார்த்தான்.

"இந்தா யானை கையுறை. இதைப் போட்டுக்கிட்டுத்தானே பிடிச்சே?"

மாட்டிக்கொண்டான். கால்களை அகட்டி நின்றான். நெற்றி நரம்பு புடைத்தது. உயிரே அந்தப் பந்தில்தான் இருக்கிற மாதிரி பார்த்தான். இருந்தது!

எறிந்தாள்.

விரல்களுக்கு நடுவே வழுக்கி, வயிற்றில் பட்டு, காலில் விழுந்தது.

"இன்னொரு தடவை! இன்னொரு தடவை போடுங்க!" கத்தினான்.

எறிந்தாள். விழுந்தது.

"போடுங்க!"

எறிந்தாள். விழுந்தது.

சீஃப் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி," இன்ஸ்பெக்டரம்மாவின் குரல் தணிந்தது. "அந்த உடுப்புக்குள்ள இருந்தா என்னென்ன காதுல விழும்? உள்ள ஒரு ஆள் இருக்கான்னு யாருக்கும் ஞாபகமே இருக்காது, இல்ல? மாஸ்டர்கிட்ட இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னு கோச் யார்கிட்டயோ சொல்லியிருப்பார். நீ பக்கத்துலயே தும்பிக்கையை ஆட்டிக்கிட்டு நின்னிருப்பே."

"இல்லை!"

"கேமராவுல உள்ள போனவரா தெரியப்போறது அண்ணன் ஒருத்தர்தான். அது உனக்குத் தெரியும். எனக்காக அடிச்சான்னு நினைச்சா அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். அதுவும் உனக்குத் தெரியும். அப்படி என்ன சொல்லிடுவார்னு பயந்தே? முட்டியை வேணும்னு உடைச்சேன்னா? அதுக்கு அவர்தானே பயப்படணும்? நீ எதுக்குப் பயப்படறே?"

"போதும்!"

"இந்தா, பிடி."

மறுபடி பந்து. மறுபடி தரை.

அவ்வளவுதான். உடைந்தது!

"எனக்கு வராது! வராது அண்ணி! பிறந்ததுலேருந்து வரலை!" கையுறையைக் கழற்றிச் சுவரில் அடித்தான். "அவன் காத்தைப் பிடிப்பான். நான் பந்தைக்கூடப் பிடிக்க மாட்டேன். அவன் அந்தக் கம்பத்துக்கு நடுவுல நிக்கறவரைக்கும் நான் எப்ப நிக்கறது? ஒரு ஆட்டம்… ஒரே ஒரு ஆட்டம் நிக்கணும்னு இருந்துச்சு! இடது முட்டி முந்தின நாளே வீங்கியிருக்கு, அங்க இடிச்சா எழுந்திருக்க மாட்டான்னு நான்தான் ஒரு கோலுக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்த அந்த ஆள்கிட்ட சொன்னேன்! அதைப் போய் இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குச் சொல்லணும்னு நிக்கறான். குடும்பத்தையே கூப்பிட்டு வச்சுச் சொல்லணுமாம். மனசாட்சி உறுத்துதாம்!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி விழுந்தது.

கதவு திறந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் பிடித்திருந்தும் மாஸ்டர் உள்ளே வந்துவிட்டான். இடது கால் இழுபட்டது.

அவன் கத்தவில்லை. அடிக்கவில்லை. தம்பி முகத்தையே பார்த்தான்.

"முந்தின நாள் ராத்திரி எண்ணெய் தேச்சு நீவி விட்டது நீதானேடா… வலிக்குதா அண்ணே, இங்கயா அண்ணே, இங்கயா அண்ணேன்னு கேட்டுக் கேட்டு."

தம்பி குனிந்துகொண்டான்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்கிறார்கள். சரிதான்! படை எதற்கு? இவன் ஒருத்தன் போதுமே!

மாஸ்டர் மெல்லத் திரும்பினான். மனைவி முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னவன், அவள் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். அத்தனை வருஷத்து அழுகையும் அப்போதுதான் வந்தது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கும் கண் நிறைந்தது. துடைக்கவில்லை.

"வாங்க. வெளியில ஒருத்தி உங்களுக்காக உக்காந்திருக்கா. அவகிட்ட முதல்ல மன்னிப்புக் கேளுங்க."

மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தான். அவன் கையிலிருந்து கழற்றிய விலங்கைத் தம்பி கையில் மாட்டிப் பூட்டினார் சீஃப். அவன் இழுத்துப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான், முனகினான்.

"மேடம், ரொம்ப இறுக்கமா இருக்காம். கொஞ்சம் தளர்த்தச் சொல்றான். என்ன பண்ணட்டும்?"

வாசலைத் தாண்டப் போன இன்ஸ்பெக்டரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"தொடாதீங்க சார்! பிறந்ததுலேருந்து இப்பத்தான் அவன் கையில ஒண்ணு நழுவாம நிக்குது!"